போகச் சைக்கிள், வர ஓட்டோ

உயிரோடு இருந்தவரை அப்பா தன் சைக்கிளை ஒருவருக்கும் இரவல் கொடுத்ததில்லை. கடைக்குப் போனால் பூட்டுவார். கோயிலுக்குப் போனால் பூட்டி, திறப்பை மடியில் செருகிக்கொண்டுதான் கும்பிடுவார். எங்கள் வீட்டு வளவுக்குள் நிறுத்தினாலும் பூட்டுவார். அப்படிப்பட்ட மனிதரின் படத்தை முன்னால் மாட்டிக்கொண்டு, யார் வேண்டுமானாலும் ஏறிப்போகலாம் என்று ஒரு வரிசைச் சைக்கிள்கள் குறிகட்டுவான் இறங்குதுறையில் நின்றதைக் கண்ட காலை, எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. சிரிப்பு அடங்கியதும்தான் என் பிழைப்பு நினைவுக்கு வந்தது. அதே இறங்குதுறையில் ஓட்டோ ஓட்டுகிறவள் நான்.

கைபிடிக்கு முன்னால், கூடை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தகடு. அதில் கடவுச்சீட்டுக்காக எடுத்த அப்பாவின் படம். அதன் கீழே "அமரர் பரமலிங்கம் ஞாபகார்த்தமாக" என்றும், இன்னும் கீழே "அன்பளிப்பு: மகன் வாகீசன், கனடா" என்றும் எழுதியிருந்தது. எங்கள் புங்குடுதீவில் பஸ் தரிப்பிடமானாலும் தண்ணீர்த் தாங்கியானாலும் செத்தவர் ஒருவரின் பெயர் இல்லாமல் எழும்பாது. ஆகவே அதில் புதினம் இல்லை. வாகீசன் என் கூடப்பிறந்த அண்ணா என்பதும், எனக்கோ அம்மாவுக்கோ அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதும்தான் புதினம்.

ஏறுவது எளிது. கைபேசியை எடுத்துச் சைக்கிளில் ஒட்டியிருக்கும் கியூஆர் கோட்டுப்படத்துக்கு நேரே பிடித்தால் பூட்டுத் திறக்கும். ஓடி முடிந்ததும் இறங்குதுறையிலோ, இறுப்பிட்டிச் சந்தியிலோ, மடத்துவெளியிலோ விட்டுவிட்டுப் போகலாம். காசு இல்லை. காசு இல்லாத ஒன்றோடு நான் எப்படிப் போட்டி போடுவது?

அண்ணாவிடம் நியாயம் கேட்கலாம்தானே என்பீர்கள். கேட்க முடியாது. நான் ஓட்டோ ஓட்டுவது அண்ணாவுக்குத் தெரியாது.

வேலணையில் கூட்டுறவுச் சங்கக்கடை ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அதை மூடினார்கள். சேர்த்து வைத்ததைப் போட்டு ஓட்டோ வாங்கினேன். "கொண்ணனுக்குச் சொல்லிப்போடாதை பிள்ளை, அவன் இருக்க நீ ஓட்டோ ஓடுறதோ எண்டு மனம் நொந்துபோவான்" என்றார் அம்மா. அம்மாவின் மருந்துக்கும் வீட்டுக் கூரைக்கும் ஏற்கெனவே அண்ணாதான் அனுப்புகிறார். அது மகனின் கடமை, சரி. என் சோற்றுக்கும் என் சீலைக்கும் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்கு விருப்பமில்லை. கலியாணமாகாத தங்கச்சி என்றால் எல்லோருக்கும் ஒரு இரக்கம் வந்துவிடுகிறது, அந்த இரக்கம் எனக்கு ஆகாது. ஓட்டோ இருக்கும்வரை நான் யாருக்கும் பாரமில்லை. அது போனால் மாதக் கடைசியில் கனடாவைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

ஆகவே அண்ணா வீடியோ அழைப்பு எடுக்கும்போதெல்லாம் நான் முன் இருக்கையிலிருந்து குதித்து, பின் இருக்கையில் ஏறி, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு கதைப்பேன். வேலைக்குப் போகிறேன் அல்லது வேலையால் வருகிறேன், இரண்டில் ஒன்று.

சைக்கிள் வந்த அன்றும் எடுத்தார்.

"கண்டனியோ?" என்றார்.

"கண்டனான். நல்ல வடிவு."

"நீ ஏறிப் பாத்தனியோ?"

"ஓம் ஓம். இனித்தான்" என்றேன். இரண்டுக்கும் நடுவில் என்ன பொருள் என்று எனக்கே தெரியவில்லை. புகழ்ச்சிக்கு அலைகிறார் என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

முன்பெல்லாம் இறங்குதுறையில் எங்களுக்கு முறை உண்டு. நயினாதீவிலிருந்தோ நெடுந்தீவிலிருந்தோ படகு வந்தால், வரிசையில் முதலில் நிற்கிறவருக்கு முதல் சவாரி. சண்டை வந்தாலும் விளங்கக்கூடிய சண்டையாக இருக்கும். பிறகு பட்டினத்திலிருந்து ஒரு கம்பனி வந்து எங்கள் எல்லோருடைய கைபேசியிலும் ஒரு செயலியைப் போட்டுவிட்டது. அதன் பிறகு ஆட்கள் வீட்டிலிருந்தபடியே கூப்பிட்டார்கள். செயலியில் தீவின் படம் தெரியும். எங்கே ஆட்கள் அதிகம் கூப்பிடுகிறார்களோ அங்கே சிவக்கும். இறங்குதுறை எப்போதும் சிவந்தே இருந்தது. நாங்கள் அதற்குப் பழகிவிட்டோம்.

சைக்கிள் வந்த கிழமையே இறங்குதுறை வெளிறிப்போனது.

எனக்குப் பக்கத்தில் நிறுத்துகிற சுதன் வாய் சும்மா இருக்கமாட்டாதவன். "அக்கா, உங்கடை அப்பா எங்கடை வயித்திலை அடிச்சுப்போட்டார்" என்றான்.

"அப்பாவை இழுக்காதையும். அவர் தன்ரை பாட்டிலை செத்துப்போய் இருக்கிறார்" என்றேன். கோபம் சுதன்மேல் இல்லை. யார்மேல் என்று பிடிபடாததால் அவன்மேல் போனது.

அத்தோடு முடிந்திருந்தால் ஓட்டோவை விற்றுவிட்டு அழுதிருப்பேன், காரியம் தெளிவாக இருந்திருக்கும். ஆனால் பிறகு மடத்துவெளி சிவக்கத் தொடங்கியது. தீவின் கிழக்கு முனையில் இருக்கிறது மடத்துவெளி. அங்கே நான் காலம் முழுக்கக் காத்திருந்தாலும் ஒரு சவாரி கிடைத்ததில்லை. இப்போது பின்னேரமானால் அங்கிருந்து அழைப்புக்குமேல் அழைப்பு. போய்ப் பார்த்தால், அப்பா நிற்கிறார். வரிசையாக, சாய்ந்து, விழுந்து, வேலியோடு ஒட்டி, எல்லாச் சைக்கிளும் அங்கேதான். கூப்பிட்டவர் பக்கத்தில் நின்று வியர்வையைத் துடைக்கிறார்.

"சைக்கிளிலை வந்தனீங்களோ?" என்று கேட்பேன்.

"ஓம் பிள்ளை, வரேக்கை சுகமாய் வந்தனான். போகேலாது."

காற்றுத்தான் என்று நினைத்தேன். சோளகம் தொடங்கிவிட்டது. மேற்கிலிருந்து கிழக்கே போனால் அது முதுகில் கைவைத்துத் தள்ளிவிடும், மிதிக்கவே வேண்டாம். திரும்பி வந்தால் நெஞ்சில் கைவைத்துத் தள்ளும். போகச் சைக்கிள், வர ஓட்டோ. கணக்குச் சரியாக வந்ததில் எனக்குப் பெருமையாக இருந்தது.

அடுத்த நாள் இலை அசையவில்லை. அன்றும் மடத்துவெளி சிவந்தது.

"காத்தில்லை அக்கா, நிழல்" என்றான் சுதன். பனையும் வேம்பும் நிற்கிற றோட்டில் ஆட்கள் சைக்கிள் ஓடுகிறார்களாம். வெட்டைவெளி வந்ததும் வெயிலுக்குப் பயந்து எங்களைக் கூப்பிடுகிறார்களாம். அதுவும் சரிபோலத்தான் இருந்தது. ஆனால் மழைக்கு மூடம் போட்ட ஒரு நாள் முழுக்க ஒருவர்கூடச் சைக்கிளைத் தொடவில்லை, எங்களையும் கூப்பிடவில்லை. எல்லோரும் வீட்டுக்குள் இருந்து என்ன செய்தார்கள் என்று தெரியாது. சுதன் தன் நிழலை விட்டுவிட்டான். நான் காற்றை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன், வேறு பிடிக்க ஒன்றும் இல்லாததால்.

பிறகு செத்தவீடுகள். முன்பு ஒரு சாவு விழுந்தால் எங்களுக்கு ஓயாத ஓட்டம். இப்போது செத்தவீட்டுக்கு எல்லோரும் அப்பாவில் ஏறிப் போனார்கள். வாசலில் அப்பா நெருக்கமாக நிற்பதைப் பார்த்தால், செத்தது யார் என்றே சந்தேகம் வரும். கலியாண வீட்டுக்கோ ஒருவரும் அவரைத் தொடவில்லை. நாள் பார்த்து வைத்த காரியம் எதுவென்றாலும் ஓட்டோதான்.

இதைத் தெளியவைத்தவர் இறுப்பிட்டி இலட்சுமிப்பிள்ளையக்கா. மகளின் சாதகக் குறிப்பைக் கொண்டு சாத்திரியாரிடம் போக என்னைக் கூப்பிட்டிருந்தார். சாத்திரியார் வீடு நாலு வளவு தள்ளித்தான். நடந்தே போகலாம்.

"நடக்கத்தான் வெளிக்கிட்டனான். படலையைத் திறக்கிறன், கொப்பர் எதிரை வாறார். ஆரோ ஒரு பெடியன் மிதிச்சுக்கொண்டு வாறான். முழுவியளம் சரியில்லை எண்டு திரும்பிப் போய், தண்ணி குடிச்சுப்போட்டு, உன்னைக் கூப்பிட்டனான். ஓட்டோவுக்குள்ளை இருந்தால் எதிரை வாறது கண்ணிலை படாது."

நல்ல காரியத்துக்குப் புறப்படும்போது எதிரே வருவது யார், எது என்று பார்ப்பதுதான் முழுவியளம். எங்கள் ஊரில் அதைப் பார்க்காத வீடு இல்லை. அமரர் என்று எழுதிய என் அப்பாவின் முகம் எதிரே வந்தால் யார்தான் போவார்கள். அண்ணா கனடாவிலிருந்து தகட்டை முன்பக்கம் மாட்டச் சொன்னபோது இது அவருக்கு நினைவு வரவில்லை.

"கொப்பர் உயிரோடை இருக்கேக்கையும் எனக்கு அவர் எதிரை வந்தால் சரிவராது. குறை நினையாதை" என்றார் இலட்சுமிப்பிள்ளையக்கா. நான் குறை நினைக்கவில்லை. என் மண்டைக்குள் வேறொன்று ஓடியது. இவர் சைக்கிள் ஓடத் தெரியாதவர். சைக்கிள் இல்லாவிட்டால் நடந்திருப்பார். சைக்கிள் வந்ததால் ஓட்டோவில் ஏறியிருக்கிறார். அப்படியென்றால் அப்பா என் சவாரியை எடுக்கிறாரா, தருகிறாரா?

வீட்டில் அம்மாவிடம் கேட்டேன். அம்மா சோற்றுத் தட்டை என் முன்னால் வைத்தார். "உனக்கு விசர் பிடிக்கப்போகுது. சாப்பிடு" என்றார்.

ஒரு நாள் ஓயாமல் ஓடினேன். மறுநாள் ஈ ஓட்டினேன். அந்தப் படம் எங்கே சிவக்கும், எப்போது வெளிறும் என்று பார்த்துப் பார்த்துக் கண் வலித்தது. நட்டமென்றால் நட்டம் என்று இருக்க வேண்டும், இலாபமென்றால் இலாபம் என்று. இப்படி நடுவில் தொங்கவிட்டால் மனுசி என்ன செய்வாள்? கடைசியில் அலுத்துப்போய், "உமக்குத் தெரிஞ்ச ஆரும் ஓட்டோ வாங்குவினமோ?" என்று சுதனைக் கேட்டேன். பட்டினத்தில் அவனுடைய மச்சான் ஒருவர் இருந்தார். அப்பாவின் திவசம் முடிந்த அடுத்த நாள் பதில் சொல்வதாகச் சொன்னேன்.

திவசத்துக்கு அண்ணா வந்து இறங்கினார்.

ஓட்டோவைச் சுதன் வீட்டு வளவுக்குள் மறைத்தேன். காலையில் சீலை உடுத்து, சாப்பாட்டுப் பெட்டியோடு, இல்லாத சங்கக்கடைக்குப் புறப்பட்டேன்.

"ஏன் பஸ்ஸுக்கு நடந்து போறாய்? சந்தியிலை சைக்கிள் நிக்குமெல்லோ?" என்றார் அண்ணா.

"நடந்தால் உடம்புக்கு நல்லது."

"ஒருநாளாவது எடுத்தனியோ?"

"எடுக்கிறனான், எடுக்கிறனான்."

அவர் முகம் வாடியது. எத்தனை தரம்தான் இவரைப் புகழ்வது என்று எரிச்சலோடு நடந்தேன். திவசத்தன்று வந்த சனம் அவரைப் பிடித்துக்கொண்டது. இறங்குதுறையில் சைக்கிளே இல்லை, எல்லாம் மடத்துவெளியில் கிடந்து துருப்பிடிக்கிறது என்று முறைப்பாடு. அண்ணாவுக்கு ரோசம் வந்துவிட்டது. "நாளைக்கு நானே போய் ஒண்டைக் கொண்டுவந்து காட்டுறன்" என்றார்.

அடுத்த நாள் காலை பஸ்ஸில் மடத்துவெளிக்குப் போனார். நான் சுதன் வீட்டுக்குப் போய் ஓட்டோவை வெளியே எடுத்தேன். கடைசியாக ஒரு நாள் ஓடிவிட்டு, பின்னேரம் சுதனின் மச்சானுக்குச் சரி சொல்வதாக முடிவு. இருக்கைத் துணியைத் தேவையில்லாமல் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அழைப்பு வந்தது. மடத்துவெளிக்கும் இறுப்பிட்டிக்கும் நடுவில், ஒரு வீடும் இல்லாத வெட்டைவெளியில் ஒரு புள்ளி. பெயர்: வாகீசன்.

செயலியில் எங்களுக்குக் கூப்பிடுகிறவரின் பெயர் தெரியும். அவர்களுக்கு எங்கள் ஓட்டோ இலக்கம் மட்டும்தான் தெரியும். நான் எடுக்காவிட்டால் அழைப்புச் சுதனுக்குப் போகும். அவன் ஏற்றிக்கொண்டு வருவான், நான் தப்பிவிடுவேன். பின்னேரம் ஓட்டோவும் போய்விடும். பிறகு மறைக்க ஒன்றும் இருக்காது. நினைக்க நினைக்க, எதற்காக இவ்வளவு காலம் மறைத்தேன் என்பதே குழம்பிப்போனது. வெட்கமா? எனக்கு வெட்கமில்லை. நான் நன்றாக ஓட்டுகிறவள். கடைசிச் சவாரி என் அண்ணாவாகவே இருக்கட்டும் என்று பச்சைப் பொத்தானை அழுத்தினேன்.

றோட்டோரத்தில் நின்றார். தலைமயிர் முழுக்க ஒரு பக்கம் பறந்திருந்தது. சேட்டு வயிற்றோடு ஒட்டியிருந்தது. பக்கத்தில் சைக்கிள் சரிந்து கிடந்தது, அப்பா வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணா என்னைக் கண்டதும் சந்தோசப்பட்டார். "நீயும் இதிலையோ வாறாய்? சங்கக்கடை இண்டைக்குப் பூட்டோ?" என்று கேட்டுவிட்டு, ஓட்டோவின் மற்றப் பக்கத்தை எட்டிப் பார்த்தார். "டிறைவர் எங்கை?"

"இஞ்சை."

"எங்கை?"

"அண்ணா, நான்தான் டிறைவர்."

அவர் சிரித்தார். பிறகு என் கை கைபிடியில் இருப்பதைப் பார்த்தார். முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த என் அனுமதிப் பத்திரப் படத்தைப் பார்த்தார். சிரிப்பு மெல்ல நின்றது. சைக்கிளைத் தூக்கிப் பின்னால் வைத்தார், நான் கயிற்றால் கட்டினேன். பின் இருக்கையில் ஏறினார். ஓட்டோவைக் கிளப்பினேன்.

"எப்ப தொடக்கம்?"

"சங்கக்கடை பூட்டினதிலை இருந்து."

"அப்ப நான் எடுக்கேக்கையெல்லாம்?"

"பின்னுக்கு ஏறி இருந்து கதைச்சனான்."

கண்ணாடியில் பார்த்தேன். அண்ணா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. ஓட்டோவை ஓரமாக நிறுத்தினேன்.

"எப்ப எடுத்தாலும் ஓட்டோவுக்கை இருக்கிறாய். காலமை ஓட்டோ, மத்தியானம் ஓட்டோ, பின்னேரம் ஓட்டோ. இவள் சம்பளம் முழுக்க ஓட்டோக்காரனுக்கே குடுக்கிறாள் எண்டு நினைச்சன். உனக்கெண்டு காசு அனுப்பினால் நீ வாங்கமாட்டாய். ஒரு சைக்கிள் வாங்கித் தந்தாலும் திருப்பி அனுப்புவாய். ஊருக்கெண்டு குடுத்தால் நீயும் ஒண்டிலை ஏறிப் போவாய் எண்டுதான் உவ்வளவும் வாங்கினனான்."

அந்த வரிசை முழுவதும் எனக்காக. இறங்குதுறை வெளிறியதும், சுதன் புலம்பியதும், இலட்சுமிப்பிள்ளையக்கா தண்ணீர் குடித்ததும், எல்லாம் நான் பின் இருக்கையில் குதித்து ஏறியதால் வந்தது. நான் அவரைப் புகழ்ச்சிக்கு அலைகிறவர் என்று நினைத்தேன். எனக்குக் கண் நிறைந்தது.

"நான் உன்ரை பிழைப்பைக் கெடுத்துப்போட்டன், என்ன?" என்றார்.

"தெரியேல்லை அண்ணா. சத்தியமாய்த் தெரியேல்லை. சைக்கிள் நிக்கிறதாலை கூப்பிடீனமோ, சைக்கிள் நிண்டும் கூப்பிடீனமோ, எனக்கு விளங்கேல்லை." கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன். "நீங்கள் ஏன் கூப்பிட்டனீங்கள்?"

"காத்து. மிதிக்க ஏலாமல் போச்சு."

"சைக்கிள் இல்லாட்டி?"

"பஸ்ஸிலைதான் வந்திருப்பன்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அவருக்கும் அப்போதுதான் அது பட்டது. சைக்கிள் இல்லாவிட்டால் அவர் என் ஓட்டோவில் ஏறியே இருக்கமாட்டார். "அப்ப அது நல்லதோ கூடாதோ?" என்றார் அண்ணா.

"அதைத்தான் நானும் அம்மாவைக் கேட்டனான். சாப்பிடச் சொன்னவ."

அப்போது சுதன் கைபேசியில் எடுத்தான். மச்சான் பின்னேரம்வரை பொறுக்காமல் வந்து நிற்கிறாராம், இறங்குதுறையில் காத்திருக்கிறாராம், என்ன சொல்ல என்று கேட்டான். அவன் கத்திக் கதைக்கிறவன், பின் இருக்கைவரை கேட்டது. அண்ணா கண்ணாடியில் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததற்காக அவரை எனக்கு நிறையப் பிடித்தது.

"விக்கேல்லை எண்டு சொல்லும்" என்றேன்.

"ஏனக்கா, திடீரெண்டு?"

"எனக்கே தெரியேல்லை. பேந்து சொல்லுறன்."

வீட்டுப் படலையில் அம்மா நின்றார். முன்னால் என்னையும், பின்னால் அண்ணாவையும், அதற்கும் பின்னால் கட்டிக் கிடந்த அப்பாவையும் ஒன்றாகக் கண்டதும் அவருக்கு முகம் வெளிறிப்போனது. ஆனாலும் அம்மா விடவில்லை.

"உது ஆற்றை ஓட்டோ, வாகீசன்?" என்று கேட்டார், முன்பின் கண்டிராதவர்போல.

அண்ணா இறங்கி, கயிற்றை அவிழ்த்து, சைக்கிளை நிலத்தில் வைத்தார். "ஆரோ ஒரு பிள்ளையின்ரை, அம்மா. நல்லா ஓடுறா" என்றார்.

அம்மா சீலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். என் கைபேசி அசைந்தது. பயணி உங்களுக்குப் புள்ளி தந்திருக்கிறார் என்று செயலி சொன்னது. ஐந்து நட்சத்திரத்தில் நாலு.

"ஏன் ஒண்டு குறைவு?" என்று கூப்பிட்டுக் கேட்டேன்.

"பொய்க்கு" என்றார் அண்ணா, சைக்கிளைத் தள்ளிக்கொண்டே. பிறகு அதைப் படலைக்குள் கொண்டுபோய், அப்பா நிறுத்துகிற இடத்தில் நிறுத்தினார். அது எல்லோருக்குமான சைக்கிள், அங்கே நிற்கக்கூடாது. நான் சொல்ல நினைத்தேன், அதற்குள் மடத்துவெளி மறுபடி சிவந்துவிட்டது. ஓட்டோவைத் திருப்பினேன்.